இனி நீ பார்த்துக்கொள்ளும் வீடு

அன்புள்ள தம்பிக்கு,

ஆச்சி நன்றாக இருக்கிறாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து வாசல்வரை நடந்துவிடுகிறாள். ஆனால் இரவில் பாத்ரூமுக்கு எழுந்தால் கூட ஆள் வேண்டும். இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனவர்கள் இன்னொரு தடவை விழவே கூடாது. அதனால் நான் பாளையங்கோட்டையை விட்டுக் கிளம்ப இன்னும் ஒரு மாதமாவது ஆகும்.

அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரயில்வேயில் டூட்டி போடுகிற லாபியிலிருந்து போன் வந்தால் கிளம்ப வேண்டியதுதான். கூட்ஸ் ரயிலை ஓட்டிக்கொண்டு ஈரோட்டுக்குப் போனால், அங்கே ரயில் ஓட்டுகிறவர்கள் தங்குகிற ரன்னிங் ரூமில் படுத்து எழுந்து, திரும்புகிற வண்டி கிடைத்து வீடு வந்து சேர மறுநாள் ஆகிவிடும். அதுவரை திருச்சி வீட்டில் நீ ஒருவன்தான்.

நேற்று போனில், "என்னென்ன வேலைன்னு லிஸ்ட் போட்டு அனுப்பும்மா, செஞ்சிடறேன்" என்றாய். கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் லிஸ்ட் அனுப்பப் போவதில்லை. லிஸ்ட்டில் இருக்கிறதைச் செய்து முடித்தால் மனம் நிம்மதியாகிவிடும், அதில் இல்லாதது கண்ணிலேயே படாது. பாத்திரம் தேய்க்க யாருக்கும் வரும். சோப்பு இன்னும் ரெண்டு நாளுக்குத்தான் வரும் என்று தீருவதற்கு முன்னாலேயே கவனிப்பதுதான் வராது. வீட்டு வேலையில் பாதிக்கு மேல் இந்தக் கவனிப்புதான். பதினாறு வயதில் அது உனக்கு வந்துவிட்டால், நாளைக்கு ஹாஸ்டலுக்குப் போனாலும் வேலைக்குப் போனாலும், பிறகு உனக்கென்று ஒரு குடும்பம் வந்தாலும், யாரும் வந்து சொல்ல வேண்டி இருக்காது. அதனால் எதைச் செய்யச் சொல்கிறேனோ அதை ஏன் என்றும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் கேஸ். மற்றது எல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை. இதில் மட்டும் அப்படி விட முடியாது. பொறுமையாகப் படி.

சமையல் கேஸுக்கு இயல்பாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த நாற்றத்தைச் சேர்த்து அடைக்கிறார்கள். அது காற்றைவிடக் கனம், மேலே எழும்பிப் போகாமல் தரையோடு படியும். அதனால் ஜன்னலைத் திறந்தால் மட்டும் போதாது, கொல்லைக் கதவையும் வாசல் கதவையும் முழுக்கத் திறந்து போட வேண்டும். நாற்றம் அடித்தால் அடுப்பையும் ரெகுலேட்டரையும் அணை, கதவுகளைத் திற, வெளியே போ. எந்த சுவிட்சையும் தொடாதே. லைட்டைப் போடவும் கூடாது, எரிகிற லைட்டை அணைக்கவும் கூடாது, எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் நாற்றம் போய்விடும் என்று நினைக்கவே கூடாது. சுவிட்சுக்குள் வருகிற சின்னப் பொறி போதும். தெருவுக்கு வந்த பிறகு போனை எடுத்து 1906-க்கு அடி. இரவு பகல் எந்த நேரமும் எடுப்பார்கள். அப்புறம் எதிர் வீட்டு அத்தையைக் கூப்பிடு. தனியாகத் திரும்ப உள்ளே போகாதே.

வீடுகளில் கேஸ் கசிவதற்கு டியூப் ஓட்டை மட்டும் காரணம் இல்லை. பால் பொங்கி வழிந்து தீ அணைந்துவிடும், கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். நீ ஹாலில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாய். அதனால் பால் அடுப்பில் இருக்கும்வரை நீயும் அடுப்புக்கு முன்னால் இருக்க வேண்டும். ராத்திரி படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடிவிட்டாயா என்று கையால் தொட்டுப் பார். அந்த ஆரஞ்சு டியூபில் எந்த வருஷம்வரை செல்லும் என்று அச்சடித்திருக்கும். அதன் ஆயுள் 5 வருஷம். நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை ஒரு தடவை வாசித்து வைத்துக்கொள்.

இந்த மாதமே சிலிண்டர் தீர்ந்துவிடும். புதுசு வரும்போது சீல் உடையாமல் இருக்கிறதா பார். சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்குகிற பட்டையில் உள்பக்கமாக ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். சி, 28 என்று இருந்தால் 2028 செப்டம்பருக்குள் அதை மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். ஏ மார்ச், பி ஜூன், டி டிசம்பர். தேதி கடந்ததை இறக்கினால் வேண்டாம் என்று சொல், அது உன் உரிமை. மாட்டிய பிறகு வாய்ப்பக்கம் சோப்பு நுரையைத் தடவு, குமிழி வந்தால் கசிகிறது. தீக்குச்சியைக் கிழித்துப் பார்க்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன், அந்தப் பக்கமே போகாதே. டெலிவரி கோட் அப்பா போனுக்கு வரும், அவர் உனக்கு அனுப்புவார். சிலிண்டர் வீட்டுக்குள் வந்து இறங்கிய பிறகு, கொண்டுவந்தவரிடம் நேரில் சொல்லு. வேறு யார் போன் செய்து எந்த எண்ணைக் கேட்டாலும், பேங்க் என்றாலும் கேஸ் கம்பெனி என்றாலும், சொல்லாதே.

குக்கர் உனக்குத் தெரியும். ஆனாலும் வைப்பதற்கு முன் மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, வெயிட் உட்காருகிற துளை அடைபடாமல் இருக்கிறதா என்று பார். பருப்பு நுரைத்து ஏறும் என்பதால் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. விசில் வராமல் பக்கவாட்டில் ஆவி வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு காஸ்கெட்டைப் பார். ஆவி அடங்காமல் மூடியை இழுத்துத் திறக்காதே. பசியில் செய்யத் தோன்றும், அப்போதுதான் முகம் வெந்துபோகிறது.

எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே, தீ இன்னும் பெரிதாகும். அடுப்பை அணைத்துவிட்டு ஒரு தட்டை நகர்த்தி வாணலியை மூடு. கை சுட்டால் குழாயைத் திறந்து 20 நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் காட்டு. பேஸ்ட், மாவு, இங்க் ஒன்றும் தடவாதே.

சரி, பயமுறுத்தியது போதும். சாப்பாட்டுக்கு வருவோம்.

ஒருவனுக்கு ஒரு டம்ளர் அரிசி அதிகம். அரை டம்ளர் பொன்னி புழுங்கலைக் கழுவி ஊறவைத்து, மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றினால் இரண்டு வேளைக்கு வரும். வடித்த சோற்றை மத்தியானம்வரை மேடையிலேயே விட்டு வைக்காதே. சில கிருமிகளின் வித்துகள் கொதிக்கிற சூட்டிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை பெருகி நஞ்சு விடும், திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. சாப்பிட்டு மிச்சமானதை ஆறியதும், ரெண்டு மணி நேரத்துக்குள், ஃபிரிட்ஜில் வை. திருச்சி வெயிலுக்கு அதையும் முன்கூட்டியே செய்.

மாவு அரைக்கிற வேலை உனக்கு வேண்டாம், கடையில் பாக்கெட் வாங்கிக்கொள். வாங்கி வந்ததும் ஃபிரிட்ஜுக்குள் போகட்டும். இட்லிக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுத்து வை. நாலாம் நாள் புளித்துவிட்டால் வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு ஊத்தப்பம். தயிர் எப்போதும் இருக்கட்டும். முட்டை இருக்கட்டும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதே, சீக்கிரம் கெட்டுவிடும்.

ரசம் மட்டும் கற்றுக்கொள், தம்பி. ரசம் தெரிந்தவன் எந்த ஊரிலும் சாப்பிட்டுவிடுவான். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, ஒரு தக்காளியைப் பிசைந்துவிட்டு, உப்பும் மஞ்சளும் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்க விடு. மிளகு, சீரகம், பூண்டை ஒன்றிரண்டாக நசுக்கிப் போட்டுத் தண்ணீர் விளாவு. ஓரங்களில் நுரை கட்டி மேலே ஏறும்போதே இறக்கிவிடு. அதற்குமேல் கொதித்தால் மணம் போய்விடும். கடைசியில் நெய்யில் கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம். இதை அப்பா என்னைவிட நன்றாக வைப்பார். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அரிசி, பருப்பு, காய் எல்லாம் பையில் கொண்டுபோய் ரன்னிங் ரூமில் கொடுத்துச் சமைக்கச் சொல்லுவார்கள். அங்கே சமையற்காரர் பக்கத்தில் நின்றுதான் அவர் கற்றுக்கொண்டார். கல்யாணமாகி முதல் மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அந்த ரசத்தைத்தான் வைத்துக்கொடுத்தார். நம் வீட்டில் ஆண்பிள்ளை அடுப்படிக்கு வருவது புதுசு இல்லை, நினைவில் வைத்துக்கொள்.

இன்னொன்று. தனியாக இருந்தால் குக்கரிலேயே கரண்டியை விட்டுச் சாப்பிடத் தோன்றும், அல்லது சாப்பிடாமலே படுத்துவிடத் தோன்றும். வேண்டாம். தட்டைக் கழுவி எடுத்து, சோற்றைப் போட்டு, உட்கார்ந்து சாப்பிடு. நான் அங்கே இல்லாதபோது நீ உனக்குப் பரிமாறிக்கொள்ள வேண்டும். எனக்கு இது பெரிய விஷயம்.

தண்ணீர் பற்றி. கார்ப்பரேஷன் தண்ணீர் வருகிற நேரம் உனக்குத் தெரியும். சம்ப் நிறைந்ததும் மோட்டார் போட்டு மேல் தொட்டியை நிரப்பு. மோட்டார் போட்டால் போனில் அலாரம் வை. நிரம்பி வழிகிற தண்ணீர் காவிரியிலும் கொள்ளிடத்திலும் இருந்து இறைத்து வந்தது, தெருவில் ஓட விடக் கூடாது. சம்பில் தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டார் எரிந்துவிடும். போடுவதற்கு முன் சம்ப் மூடியைத் தூக்கி ஒரு பார்வை, பார்த்ததும் மூடிவிடு.

டெங்கு கொசு சாக்கடையில் வளர்வதில்லை, நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரத்துக்கு ஒரு நாள் எல்லாப் பாத்திரத்தையும் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தால் மட்டும் போதாது, உள் ஓரத்தை நாரால் தேய்க்க வேண்டும். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் இருக்கும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கீழே ஒரு தட்டு உண்டு, அதில் தண்ணீர் தேங்கும். யாரும் அதைப் பார்ப்பதே இல்லை. நீ பார். மணி பிளான்ட் வைத்திருக்கிற பாட்டிலையும் மறக்காதே.

கக்கூஸ் கழுவும்போது ஒன்றே ஒன்று. பிளீச்சிங் பவுடரையும் பாட்டிலில் வருகிற கிளீனரையும் ஒன்றாகப் போடாதே. அந்தக் கிளீனரில் ஆசிட் இருக்கிறது. ரெண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அந்தச் சின்ன அறைக்குள் மூச்சு அடைத்துவிடும். ஒரு நாள் ஒன்று, இன்னொரு நாள் இன்னொன்று.

துணிக்கு அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வெள்ளைச் சட்டை தனி, பையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போடு, துவைத்ததை மெஷினுக்குள்ளேயே மறந்துவிடாதே. யூனிஃபார்மை ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே துவைத்துவிட்டால் திங்கட்கிழமை திண்டாட வேண்டாம்.

குப்பையில் மக்குவது, மக்காதது ரெண்டையும் பிரித்து வை. உடைந்த கண்ணாடி, பிளேடு இருந்தால் தடியான தாளில் சுற்றி, வண்டியில் வருகிற அக்கா கையில் கொடுக்கும்போது "உள்ளே கண்ணாடி இருக்கு" என்று வாயால் சொல்லிக் கொடு. அவர்கள் கையால்தான் பிரிக்கிறார்கள்.

எதைத் தள்ளிப்போடலாம் என்றும் தெரிய வேண்டும். தினமும் வீடு துடைக்க வேண்டியதில்லை, வாரத்துக்கு இரண்டு நாள் போதும். போர்வை மடிக்காமல் கிடந்தால் கிடக்கட்டும். ஆனால் எச்சில் பாத்திரம் ராத்திரி தங்கக் கூடாது, கரப்பான் வந்துவிட்டால் ஓட்ட முடியாது. குப்பை தங்கக் கூடாது. ஈரத் துணி தங்கக் கூடாது. பரீட்சை நேரத்தில் சமைக்காதே, கடையில் இட்லி வாங்கிக்கொள், அதற்குப் பணம் தனியாகக் கவரில் வைத்திருக்கிறேன். எதைப் பார்த்து முதலில் எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தால் படிப்புக்கு நேரம் தானாகக் கிடைக்கும்.

பால் பச்சைப் பாக்கெட் ஒரு அரை லிட்டர் போதும், அப்பா இருக்கிற நாளில் மட்டும் இரண்டு. பால்காரரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். காய்க்கு ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தைக்குப் போ. சாயங்காலம் போனால் விலை இறங்கி இருக்கும், காய் கொஞ்சம் வாடி இருக்கும். உன் பையில் இருக்கிற பணத்தைப் பார்த்து நீயே முடிவு பண்ணு. கீரையை அன்றைக்கே சமைத்துவிடு. வாங்கியதை எழுதி வை. கணக்குக் கேட்பதற்காக இல்லை. ஒரு மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால் ஒரு வீடு எவ்வளவு தின்கிறது என்று உனக்கே தெரியும்.

கரண்ட் போனால் முதலில் தெருவில் மற்ற வீடுகளைப் பார். எல்லாருக்கும் போயிருந்தால் மின்னகம் 94987 94987-க்குச் சொல்லலாம். நம் வீட்டில் மட்டும் என்றால் போர்டைப் பார். டிரிப் ஆகி இருந்தால் கடைசியாகப் போட்ட சாமானைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு தடவை தூக்கிவிடு. மறுபடி விழுந்தால் விட்டுவிடு, அது ஏதோ சொல்ல வருகிறது. எலக்ட்ரீஷியன் வரட்டும். ஈரக் கையோடு அந்தப் பக்கம் போகாதே. ஹீட்டர் கம்பியை வாளியில் போட்டுவிட்டுத் தண்ணீர் சுட்டதா என்று விரலை விடுகிற பழக்கம் உனக்கு இருக்கிறது. இன்றோடு நிறுத்து.

ராத்திரி பற்றி நீ கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். பகலில் சரியாக இருக்கிற வீடு ராத்திரியில் வேறு மாதிரி சத்தம் போடும். மாடியில் எலி ஓடும், தொட்டியில் தண்ணீர் சொட்டும். பயமாக இருந்தால் அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்திலேயே வாசல் லைட்டைப் போடு, கதவைப் பூட்டு, சாவி எப்போதும் ஒரே ஆணியில் தொங்கட்டும். யார் பெல் அடித்தாலும் கிரில்லைத் திறக்காமல் பேசு. "வீட்ல யாரும் இல்லை" என்று சொல்லாதே, "அப்பா தூங்குறார்" என்று சொல்லு. உடம்புக்கு முடியவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதே. அத்தை வீட்டில் ஒரு சாவி இருக்கிறது, எந்த நேரமும் கூப்பிடலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவசரம் என்றால் 108. வேறு எந்த ஆபத்து என்றாலும் 112.

அப்பா ராத்திரி டூட்டி முடிந்து வந்து பகலில் படுத்தால் சத்தம் போடாதே. அந்தத் தூக்கத்தை நம்பித்தான் அடுத்த வண்டி இருக்கிறது. ஆனால் அவர் விருந்தாளி இல்லை. எழுந்ததும் பாத்திரத்தில் பாதியை அவர் தேய்க்கட்டும், அவரும் அதைத்தான் சொன்னார். ரெண்டு பேரும் சேர்ந்து சமைக்கிற நாளில் எனக்கு வீடியோ கால் போடுங்கள், ஆச்சி பார்க்க வேண்டும் என்கிறாள்.

பசங்க வீட்டுக்கு வரலாம். படிக்க, கேரம் விளையாட, எல்லாவற்றுக்கும் வரலாம். யார் வந்தார்கள் என்று எனக்கோ அப்பாவுக்கோ ஒரு மெசேஜ் போதும். அவர்கள் சாப்பிட்ட தட்டை அவர்களே கழுவட்டும்.

எல்லாம் முதல் வாரத்திலேயே சரியாக வராது. சோறு குழையும், ரசம் உறைக்கும், ஒரு நாள் மோட்டார் மறந்துவிடும். அதை மறைக்காமல் என்னிடம் சொல்லு. நான் திட்டுவதற்கு இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. நீ ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சொல்வதைக் கேட்க எனக்கு ஆசை. நேற்றுகூட, கேட்காமலேயே, துளசிக்குத் தண்ணீர் ஊற்றினேன் என்றாயே, போனை வைத்த பிறகு ஆச்சியிடம் அதைத்தான் முதலில் சொன்னேன்.

சனிக்கிழமை இங்கிருந்து ஊருக்கு வருகிறவரிடம் புளி, மிளகாய்த்தூள், ஒரு டப்பா பருப்புப் பொடி கொடுத்தனுப்புகிறேன். பருப்புப் பொடியை ஈரக் கரண்டியால் எடுக்காதே. ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடு, அதற்குள் ஆச்சிக்கு மாத்திரை கொடுத்து முடித்திருப்பேன். ஆனால் கேஸ் நாற்றம் என்றால் மட்டும் முதலில் 1906, அப்புறம்தான் எனக்கு.

அன்புடன்,
அம்மா